சான்றிதழ் வாங்கிய போலீஸ் ஊர் திரும்பிய பிறகு என்ன ஆகிறது?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு நாட்டுப் போலீஸ் அதிகாரிகள் பத்திருபது பேர், வேறொரு நாட்டின் போலீஸ் கல்லூரி வாசலில், கையில் சான்றிதழோடு வரிசையாக நிற்பார்கள். பின்னால் இரண்டு கொடிகள் இருக்கும். சமூகக் காவல்பணியில் பயிற்சி முடித்து நாடு திரும்புகிறார்கள் என்று கீழே ஒரு வரி. செய்தி அதோடு முடிந்துவிடும். எனக்கு அதற்கு அப்புறம் நடப்பதில்தான் அக்கறை. விடுப்பு முடிந்து அவர்கள் தங்கள் ஸ்டேஷனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் எது மாறுகிறது, எது அப்படியே இருக்கிறது?

முதலில் கற்றுக்கொடுப்பது என்ன என்று பார்த்துவிடலாம். குற்றம் நடந்தபின் ஜீப்பில் வந்து இறங்கி, விசாரித்துவிட்டுப் போய்விடுகிற வேலைமுறைக்கு மாற்றாக, ஒரு பகுதிக்கு என்று சிலரை நிலையாக ஒதுக்கி, அவர்கள் நடந்தே சுற்றி, அங்கிருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகி, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் அடிதடி நடக்கிறது, எந்தப் பையன் பள்ளிக்குப் போகாமல் சுற்றுகிறான் என்பதெல்லாம் குற்றமாக முற்றுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பதுதான் சமூகக் காவல்பணி. ஜப்பான் தன்னுடைய ஜைக்கா உதவி நிறுவனம் மூலம் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. போலீஸ் எல்லோருமே ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிலர் வெளிநாட்டு அதிகாரிகளைத் தங்கள் ஊருக்கு அழைக்கிறார்கள், சிலர் தங்கள் ஆட்களை அனுப்பி இரண்டு மூன்று வருடம் அங்கேயே தங்க வைக்கிறார்கள்.

ஜப்பானில் போய்ப் பார்ப்பவர்களுக்கு முதலில் காட்டப்படுவது கோபான் என்ற அக்கம்பக்கத்துச் சின்னப் போலீஸ் நிலையம். வாசலில் சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு மேசை, சுவரில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம், பின்னால் சற்றுக் கண்ணயர ஓர் அறை, அவ்வளவுதான். வழி கேட்டு வருகிறவர்கள், தொலைந்த குடையைத் தேடி வருகிறவர்கள், கண்டெடுத்த பணப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் என்று நாள் முழுக்க ஆள் வந்துபோகும். பணத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்பவருக்கு, டோக்கியோவில், ஆயிரம் யென் வரை பயணச் செலவுக்குக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாடுகூட உண்டு. புதிதாகச் சேரும் எந்தப் போலீஸ்காரரும் பயிற்சிப் பள்ளி முடிந்ததும் கோபானில்தான் வேலையைத் தொடங்குகிறார். அவர் தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்கு முறைவைத்துப் போய், குடும்பத்தில் யார் யார், ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி வாங்குவார். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. கிராமப்புறத்தில் இதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது, சூசாய்ஷோ என்று பெயர். அங்கே போலீஸ்காரர் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார். அவர் ரோந்து போயிருக்கும்போது வந்தவர்களுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் மனைவிதான், அதற்காக அவருக்கு ஒரு படியும் கொடுக்கிறார்கள்.

ஜப்பானுக்கே உரிய, அந்த மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒன்றாக இதைப் பலர் பேசுகிறார்கள். அப்படி முழுக்கச் சொல்லிவிட முடியாது. 1872-இல் கவாஜி தொஷியோஷி என்ற அதிகாரி போலீஸ் அமைப்புகளைப் பார்த்துவர ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து பிரெஞ்சு முறையை முன்மாதிரியாக வைத்து அவர் எழுதிக்கொடுத்த யோசனைகளின் மேல்தான் 1874-இல் டோக்கியோ பெருநகரப் போலீஸ் உருவானது. கோபானின் வேரும் அதே 1874-இல் இருக்கிறது. ஆக, இன்று உலகத்துக்குப் பாடம் எடுக்கும் ஜப்பானும் ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வெளிநாடு போன மாணவன்தான். ஆனால் கவாஜி திரும்பி வந்தது ஒரு போலீஸ் துறையையே புதிதாகக் கட்டும் வேலைக்கு. அந்தத் துறையின் முதல் தலைவரும் அவர்தான். கையில் சான்றிதழோடு வரும் இன்றைய இன்ஸ்பெக்டர் அப்படியா திரும்புகிறார்? அவருக்கு மேலே இருப்பவர்கள் யாரும் மாறியிருக்க மாட்டார்கள், அவருடைய மேசையில் முடிக்காத வழக்குக் கட்டுகள் அப்படியே காத்திருக்கும்.

சிங்கப்பூர் கதை இதனால்தான் முக்கியமாகப் படுகிறது. கோபானைப் பார்த்துவிட்டு 1983-இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்தைத் திறந்தார்கள். மக்களில் பெரும்பாலோர் அரசு அடுக்குமாடி வீடுகளில் இருந்ததால், அந்தப் புளோக்குகளை ஒட்டியே நிலையங்களை வைத்தார்கள், லிஃப்டில் இறங்கினால் போலீஸ் என்கிற மாதிரி. கொஞ்ச வருடத்தில் ஒரு குறை தெரிந்தது. அந்தச் சின்ன நிலையத்தில் இருப்பவர் புகாரை எழுதி வாங்குவார், விசாரணையை வேறு பிரிவு எடுத்துக்கொண்டு போய்விடும். மக்களுக்கும் அலுப்பு, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அலுப்பு. 1997-இலிருந்து பெரிய மையங்களாக மாற்றி, அங்கேயே கூடுதல் வேலைகளைச் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். இரவல் வாங்கியதைப் பதினான்கு வருடம் உழைக்க வைத்துப் பார்த்து, தங்களுக்கு ஒத்துவராததைக் கழற்றிப்போட்டிருக்கிறார்கள். இதை இரண்டு வாரப் பயிற்சி சாதித்துவிடவில்லை. பணம், ஆள், பொறுமை மூன்றும் இருந்த ஓர் அரசு பின்னால் நின்றது.

இப்போது பிரேசிலுக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1997 மார்ச் கடைசியில் பிரேசில் தொலைக்காட்சியில் ஒரு வீடியோ ஓடியது. சாவோ பாலோ பெருநகரப் பகுதியில் டியடெமா என்ற இடத்தில், ஃபவேலா நவால் என்ற குடிசைப் பகுதியில், ராணுவப் போலீசார் (பெயர்தான் அப்படி, தெருவில் ரோந்து போகும் மாநிலப் போலீஸ்தான்) வழியில் போகிறவர்களை நிறுத்தி அடிப்பதும், பணம் பிடுங்குவதும், ஒரு காரின் மேல் சுட்டு அதில் இருந்த ஒருவரைக் கொல்வதும் மறைந்திருந்து எடுத்த கேமராவில் பதிவாகியிருந்தது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சாவோ பாலோ மாநில ராணுவப் போலீஸ் சமூகக் காவல்பணியைத் தன் கொள்கையாக அறிவித்தது. அப்புறம் ஜப்பான் உள்ளே வந்தது. ஜப்பானியப் போலீஸ் அதிகாரிகள் அங்கே போய்த் தங்கினார்கள், பிரேசில் அதிகாரிகள் ஜப்பான் போய்க் கோபான்களில் நின்று பார்த்தார்கள், சாவோ பாலோவில் சமூகப் போலீஸ் தளங்கள் எழும்பின. அதில் ஜார்டிம் ரானியேரி என்ற இடத்தில் இருப்பது மாதிரித் தளமாகப் பெயர் வாங்கியது. 1990-களில் பிரேசிலிலேயே மிக மோசமான கொலைக்களம் என்று பேசப்பட்ட ஜார்டிம் ஆஞ்ஜெலா வட்டாரம் அது. பின்னாளில் இதே சாவோ பாலோ போலீஸ், ஜப்பானின் துணையோடு, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் பாடம் எடுக்கும் நிலைக்கு வந்தது. டோக்கியோ அதிகாரி சொன்னால் ‘உங்கள் ஊர் வேறு, எங்கள் ஊர் வேறு’ என்று தள்ளிவிடலாம். துப்பாக்கிக் கும்பல்களுக்கு நடுவில் வேலை பார்த்த பிரேசில்காரர் சொல்லும்போது அந்தச் சாக்கு எடுபடாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். சாவோ பாலோ மாநிலத்தில் 1999-க்குப் பிறகு கொலைகள் வெகுவாகக் குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை சண்டை. துப்பாக்கிச் சட்டம், நன்றாக நடந்த புலனாய்வு, இளைஞர் எண்ணிக்கை குறைந்தது, ஒரே குற்றக் கும்பல் எல்லாப் பகுதியையும் தன் பிடியில் கொண்டுவந்து மற்ற கும்பல்களின் சண்டையை அடக்கியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கோபான் மாதிரித் தளங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. இன்னொரு பக்கம், அதே மாநிலப் போலீஸ் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றுகொண்டே இருந்தது. ஒரே துறை, ஒரே சீருடை. ஒரு தெருவில் குழந்தைகளுக்கு விளையாட்டு வகுப்பு நடத்துகிறது, அடுத்த பகுதியில் கவச வண்டியில் வந்து இறங்குகிறது. மென்மையான ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்துவிட்டுக் கடினமான பிரிவைத் தொடாமல் விட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே காலம் தள்ளும் என்பதைத்தான் சாவோ பாலோ காட்டியது.

கிழக்குத் திமோரில் நேர் எதிரான சிக்கல், ஆசிரியர்கள் அதிகமாகிவிட்டார்கள். 1999-க்குப் பிறகு ஐ.நா. அங்கே போலீஸ் துறையை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கியபோது, பல நாடுகளிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் அவரவர் ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் சொன்னதை ஆறு மாதத்தில் அடுத்தவர் வந்து மாற்றுவார். 2006-இல் ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் நிலைக்குப் போய், போலீஸ் துறையே சிதறி, காவல் பொறுப்பை மறுபடி ஐ.நா. எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2011-இல்தான் முழுப் பொறுப்பும் திமோர் போலீசிடம் திரும்பியது. பின்னர் நியூசிலாந்துப் போலீஸ் அங்கே செய்தது அலட்டல் இல்லாத வேலை. ஒவ்வொரு சுக்குவுக்கும், அதாவது நம் கிராம ஊராட்சி மாதிரியான அடிமட்ட அலகுக்கும், ஒரு போலீஸ்காரர் என்ற ஏற்பாட்டுக்குத் துணையாக நின்றார்கள். ஊர்த் தலைவரும் பெரியவர்களும் பஞ்சாயத்து பேசித் தீர்க்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது, அதன் பக்கத்தில் போய் உட்காரத்தான் போலீஸ்காரருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் போலீஸ் பயிற்சி என்றாலே சிலர் முகம் சுளிப்பதற்கும் வரலாறு இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, 1962-இலிருந்து, தன் வெளிநாட்டு உதவி அமைப்புக்குள் ஒரு தனி அலுவலகம் வைத்து உலகம் முழுக்கப் போலீஸ்காரர்களைப் பயிற்றுவித்தது. பயிற்சி பெற்ற துறைகள் சித்திரவதையில் இறங்கிய புகார்கள் குவிந்து, 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றமே வெளிநாட்டுப் போலீசுக்கு உதவுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு விதிவிலக்குகள் வந்தன, 1986-இல் நீதித்துறையின் கீழ் புதிய பயிற்சித் திட்டம் தொடங்கியது. சமூகக் காவல்பணி என்ற பெயர் இந்தத் துறையில் இவ்வளவு பிரபலமானதற்கு, அது கேட்பதற்கு ஆபத்தில்லாததாக இருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொடுக்கும் அரசு தன் மக்களிடம் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். லத்தியும் கண்ணீர்ப்புகையும் கொடுத்தோம் என்று சொல்வதைவிட இது எளிது.

சரி, இதெல்லாம் பலன் தருகிறதா? இதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய பதில் 2021 நவம்பரில் சயின்ஸ் இதழில் வந்தது. கிரேம் பிளேர், ஃபோட்டினி கிறிஸ்டியா, ஜெரமி வைன்ஸ்டீன் ஆகியோர் தலைமையில் பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஆறு நாடுகளில், அந்தந்த நாட்டுப் போலீசோடு சேர்ந்து, சில பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் சமூகக் காவல்பணியை நடத்தி, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். ஊர்க் கூட்டம், நடை ரோந்து, மக்கள் சொன்ன பிரச்சினையைத் தீர்ப்பது எல்லாம் அதில் இருந்தன. முடிவு ஏமாற்றம். மொத்தமாகப் பார்த்தால் குற்றமும் குறையவில்லை, போலீஸ் மேல் நம்பிக்கையும் கூடவில்லை.

வெளிநாட்டுப் பயிற்சியை நேரடியாகச் சோதித்த ஆய்வு இல்லை அது, அந்தந்த ஊரில் நடத்திய திட்டங்களைத்தான் சோதித்தார்கள். ஆனாலும் ஏன் பலிக்கவில்லை என்று அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது சான்றிதழ்ப் படங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. மேலதிகாரிகளுக்கு இதில் தொடர்ந்து அக்கறை இல்லை. பழகிய போலீஸ்காரர் சீக்கிரமே டிரான்ஸ்ஃபரில் போய்விடுகிறார். மக்கள் கூட்டத்தில் எழுந்து சொன்ன குறையைத் தீர்க்க வண்டியும் ஆளும் பணமும் இல்லை. ஒரு ஸ்டேஷனில் கொஞ்ச நாள் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவுமே புதிதாக இருக்காது. ஒரு பெண் முதல்முறையாகத் துணிந்து, எங்கள் தெருவில் சாராயம் விற்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போகிறது, விற்பனை நடக்கிறது, சொன்னது யார் என்பது மட்டும் விற்பவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா? கூட்டமே நடத்தாமல் இருந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

வட அயர்லாந்தில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். அங்கே பழைய போலீஸ் துறையில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம்தான், மக்கள்தொகையிலோ நாற்பதுக்கு மேல். போலீசைச் சீர்திருத்த யோசனை சொல்வதற்காக அமைத்த பேட்டன் ஆணையம் 1999-இல் 175 பரிந்துரைகளைக் கொடுத்தது. சமூகத்தோடு சேர்ந்த காவல்பணி என்பதுதான் அறிக்கையின் உயிர்நாடி. ஆனால் அதை அடைய அவர்கள் பயிற்சி வகுப்போடு நிற்கவில்லை. துறையின் பெயரை மாற்றினார்கள், சின்னத்தை மாற்றினார்கள், 2001-இலிருந்து பத்து வருடம் புதிய ஆட்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அரசியல்வாதிகளும் பொதுமக்களும் உட்காரும் வாரியம் வைத்தார்கள், போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸ் விசாரிக்காமல் தனி அமைப்பு விசாரிக்க வழி செய்தார்கள். 2011-இல் கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. குறைகள் இன்னும் நிறைய உண்டு, கத்தோலிக்கப் பகுதிகளில் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் வெளிநாட்டுப் போலீஸ்காரர்களை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று சரிபார்க்கும் ஆணையராக முதலில் டாம் கான்ஸ்டன்டைன் என்ற அமெரிக்கரை வைத்தார்கள், அடுத்து அல் ஹட்சின்சன் என்ற கனடாக்காரரை. வகுப்பெடுப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. செய்ததையும் செய்யாததையும் வெளியாள் கண்ணால் பார்த்து, 2007 வரை, அறிக்கை அறிக்கையாக ஊரறிய எழுதினார்கள். பரிமாற்றம் என்றால் இப்படியும் ஒன்று இருக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

இலங்கையைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்துப் போலீஸ் பல ஆண்டுகள் இலங்கைப் போலீசுக்குப் பயிற்சி கொடுத்தது. டல்லியாலனில் இருக்கும் அவர்களுடைய கல்லூரிக்கு அதிகாரிகள் போனார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் இலங்கைக்கு வந்தார்கள், பிரிட்டிஷ் அரசு பின்னால் இருந்தது. சமூகக் காவல்பணியும், பெண்களுக்கு எதிரான வன்முறைப் புகார்களை எப்படிக் கையாள்வது என்பதும் பாடத்தில் இருந்தன. தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தவறான பாடம் இல்லை. ஆனால் காவலில் சித்திரவதை, போராட்டக்காரர்கள் மேல் கெடுபிடி என்று குற்றச்சாட்டுகள் தொடர்ந்தபோது, இந்தப் பயிற்சி அந்தத் துறைக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கத்தான் உதவுகிறது என்று மனித உரிமை அமைப்புகளும் புலம்பெயர்ந்த தமிழர்களும் விடாமல் கேட்டார்கள். 2021 நவம்பரில் ஸ்காட்லாந்துப் போலீஸ், அடுத்த மார்ச்சில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

நிறுத்தினால் நல்லது சொல்லக்கூட ஆள் இல்லாமல் போகும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள், அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நல்ல பயிற்சியால் ஒரு தனி அதிகாரி மாறுவது நடக்கக்கூடியதுதான். என் கேள்வி வேறு. சமூகக் காவல்பணியின் முதல் எழுத்தே, உள்ளூரைத் தெரிந்த ஆள், உள்ளூருக்குப் பதில் சொல்லும் ஆள் என்பதுதான். இலங்கையில் 1987-இல் கொண்டுவந்த 13-ஆம் திருத்தம் மாகாணங்களுக்குப் போலீஸ் அதிகாரம் கொடுக்கிறது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை, துறை முழுக்கக் கொழும்பிலிருந்தே நடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் ஸ்டேஷன்களில் தமிழ் தெரிந்தவர்கள் போதாது என்பது பழைய குறை. போர் முடிந்தபின் அரசே அமைத்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’கூட 2011-இல், எல்லா ஸ்டேஷனிலும் எந்த நேரமும் தமிழ் தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது.

மகனைக் காணோம் என்று ஓர் அம்மா ஸ்டேஷனுக்குப் போகிறார். அவர் தமிழில் அழுதுகொண்டே சொல்வதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாதி புரிந்து, சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்கிறார். தான் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று அந்த அம்மாவால் படித்துப் பார்க்க முடியாது. இப்படி வாக்குமூலம் கொடுத்தவர்கள் வடக்கில் எத்தனையோ பேர். கனிவாகப் பேசுவது எப்படி என்று டல்லியாலனில் அந்தக் கான்ஸ்டபிளுக்குச் சொல்லித்தர முடியும், அவரும் கற்றுக்கொண்டு கனிவாகவே நடக்கலாம். ஆனால் அந்த மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் கொழும்பில் இருக்கிறார், அவர் எந்தப் பயிற்சிக்கும் போக வேண்டியதில்லை.